காற்றுப் படாத டிம்ஸ்டர்

எர்லீன் கோவாச் தன் எழுபத்திரண்டு வயதுக்குள் ஒரே ஒரு பொருளைத்தான் திருடியிருக்கிறாள். அதையும் உருப்படியாகக் காப்பாற்றத் தெரியாமல் போனதுதான் கொடுமை.

திருடியது ஒரு கண்ணாடித் தாள், படம் வரைகிற ஊடு தெரியும் பிளாஸ்டிக் தாள். அதில் டிம்ஸ்டர் இருந்தார். அறுபதுகளில் சனிக்கிழமை காலையில் பாலும் கார்ன்ஃபிளேக்ஸுமாகக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். கார்ட்டூனில் வந்த முள்ளம்பன்றித் தபால்காரர். கடிதத்தையெல்லாம் முதுகு முள்ளில் குத்திக்கொள்வார். வாசலில் போய்த் திரும்பி நின்றுகொள்வார். அவரவர் கடிதத்தை அவரவரே பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பர்பேங்கில் அந்தக் கார்ட்டூன் கம்பெனி இருந்த கொட்டகையில் எர்லீனும் வெல்மா ஓர்ட்டிஸும் அடுத்தடுத்த மேஜை. மற்ற இடங்களில் கோடு போட மெஷின் வந்துவிட்டது. இங்கே முதலாளிக்கு அதை வாங்க வக்கில்லை. அதனால் வெல்மா பென்சில் படத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து, மையால் கோடு இழுப்பாள். முதுகில் முப்பத்தோரு முள். முள்ளுக்கு ஒரு மூச்சு. பிடித்த மூச்சை விடுவதற்குள் கோடு முடிந்திருக்கும். பிறகு எர்லீன் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் வண்ணம் பூசுவாள். தொப்பிக்குப் பதினாலாம் நம்பர் நீலம், மூக்குக்கு முப்பத்தொன்று. வண்ணம் பின்னால், கோடு முன்னால். வேலையே அப்படித்தான்.

கேமரா படம் பிடித்ததும் தாளைக் கழுவி மறுபடி மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். நேற்று உயிரை விட்டுப் போட்ட கோடு இன்றைக்குச் சாக்கடையில். அட, வயிறு எரியாதா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் கம்பெனியை மூடிய அன்று, டிம்ஸ்டர் கடைசியாகக் கையசைக்கிற தாள் ஒன்றை எர்லீன் தன் மேல்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கீழ் ஓரத்தில் கோடு போட்டவளின் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. வண்டி நிறுத்துமிடத்தில் வெல்மா பிடித்துக்கொண்டாள்.

"பாதி என்னுதுடி எர்லீன். கோடு யாருது?"

"உங்கிட்ட குடுத்தா சமையல்கட்டுச் சுவத்துல டேப் போட்டு ஒட்டுவ. ஒரே மாசத்துல எண்ணெப் பிசுக்கு ஏறிடும்."

"ஏறட்டுமே. தினம் காபி குடிக்கறப்ப பாப்பேன்ல? நீ பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டுவ. படம் பாக்கறதுக்கா, புதைக்கறதுக்கா?"

எர்லீன் கொடுக்கவில்லை. ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. அப்புறம் பேச ஆரம்பித்து, நாற்பது வருஷத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன். எல்லாம் பேசினார்கள், முழங்கால் வலி, மருமகள், தக்காளி விலை. அந்தத் தாளை மட்டும் ரெண்டு பேரும் வாயில் எடுக்கவில்லை. போன ஜனவரியில் வெல்மா போய்ச் சேர்ந்தாள்.

இந்த வருஷம் டிம்ஸ்டருக்கு ஐம்பது நிறைகிறதாம். நரைத்த ரசிகர்கள் கூடி நூலக மண்டபத்தில் விழா வைத்தார்கள். அழைப்பிதழில் கதை, இயக்கம், குரல், இசை என்று நாலு ஆண்பிள்ளைகள் பெயர். எர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன் போட்டாள்.

"டிம்ஸ்டர் முதுகுல இருந்த ஒவ்வொரு முள்ளும் வெல்மா ஓர்ட்டிஸ் கை. அந்தப் பேரு எங்க?"

விழா நடத்திய கிளிஃபோர்ட் பணிவாகத்தான் கேட்டான். "எங்ககிட்ட அந்தப் பேரே இல்லையே மேடம். ஏதாவது ஆதாரம் இருந்தா கொண்டாங்க. நடு மேஜையில வெச்சுப் பேரை எழுதிடறோம்."

"இருக்கு" என்றாள் எர்லீன். வெல்மாவின் மகள் மரிசேலாவையும் ஃப்ரெஸ்னோவிலிருந்து வரவழைத்தாள்.

தாளை அவள் காப்பாற்றியிருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முன்னும் பின்னும் கண்ணாடி. ஓரமெல்லாம் உலோக டேப், அதன் மேல் மெழுகு. தூசி புகாது, எறும்பு புகாது. துணியில் சுற்றி மரப்பெட்டிக்குள். வெளிச்சம் பட்டால் நிறம் மங்கிவிடுமோ என்று கடைசி இருபது வருஷமாக அவளே அதை எடுத்துப் பார்க்கவில்லை.

விழாவுக்காகப் புது ஃப்ரேம் போடக் கொண்டுபோனபோது, கிளெண்டேலில் ஃப்ரேம் கடை வைத்திருக்கும் வார்த்தான் டேப்பைக் கீறினார். குப்பென்று வினிகர் நெடி. கண்ணைக் கரித்தது. தாள் சுருண்டு நெளிந்து கிடந்தது. நீலம், பழுப்பு, சிவப்பு எல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கீழ்க் கண்ணாடியில் குவிந்திருந்தன.

"யாரு மேடம் இதை இப்படி மூடினது?"

"நான்தான்."

வார்த்தான் கத்தியைக் கீழே வைத்தார். "வயசாக ஆக இந்தத் தாளு தானே ஒரு ஆவிய விடும். வெளிய போக வழியில்லன்னா அந்த ஆவியே தாளைத் தின்னுடும். சும்மா சுவத்துல ஒட்டியிருந்தாக்கூட இவ்வளவு மோசமாகியிருக்காது."

கூட வந்திருந்த மரிசேலா பாவம், பழைய சண்டை ஒன்றும் தெரியாமல் ஒத்துப் பேசினாள். "அது என்னமோ நெஜந்தான் ஆன்ட்டி. அம்மா ஒட்டின என் பள்ளிக்கூடப் படம் இன்னும் அடுப்புக்கு மேலயே இருக்கு. பிசுக்குதான், ஆனா நல்லாத்தான் இருக்கு."

எர்லீன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் ஜனவரியிலேயே போய்விட்டாள். யாரிடம் கேட்பது?

வார்த்தான் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வண்ணந்தான் போயிருக்கு. கோடு அப்படியே நிக்குது. நீங்கதான பூசினவங்க, மறுபடி பூசுங்களேன். ஆனா ஒண்ணு, பின்னால ஈரம் பட்டா தாளு இன்னும் சுருங்கும். முன்னால கோடு கழண்டாலும் கழண்டுடும்."

எர்லீனின் விரல்கள் நம்பர் மறக்கவில்லை. பதினாலு, முப்பத்தொன்று. ஒரு மத்தியானம் போதும், ரசிகர்கள் ஆசைப்படுகிற டிம்ஸ்டர் எழுந்து வந்துவிடுவார். அவளுக்கு ஆசையாகவும் இருந்தது, ஏன் இல்லாமல்? அவளும்தான் அஞ்சு வருஷம் உழைத்தாள். அந்த உழைப்பில் மிஞ்சியது இந்தத் தாள் ஒன்றுதான்.

"வேண்டாம்" என்றாள். "பின்னால ஒரு வெள்ளை அட்டை வைங்க. மூடாதீங்க."

விழாவன்று நடு மேஜையில் டிம்ஸ்டர் வெறும் கோடாக நின்று கையசைத்தார். வண்ணம் இருந்தபோது யாரும் கவனிக்காத முப்பத்தோரு முள்ளும், வேர் தடித்து நுனி மெலிந்து, ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கீழே வெல்மா ஓர்ட்டிஸ் என்று எழுதியிருந்தது. தபால்காரத் தொப்பி போட்டுக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்தார்.

"தொப்பி நீலமாச்சே. கலர் போடலியா இதுக்கு?"

"போட்டோம். போயிடுச்சு" என்றாள் எர்லீன். தான் யார் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் மேஜைகளை மடிக்கும்போது தாளை அட்டையோடு மரிசேலாவிடம் நீட்டினாள். மரிசேலா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஐயோ ஆன்ட்டி, இது உங்களோடது. இத்தன வருஷம் வெச்சிருந்தீங்க."

"அதான் பண்ணின தப்பு. உங்கம்மா அன்னிக்கே பாதி கேட்டா, நான் குடுக்கல. எம் பாதி உதிர்ந்து போச்சு. இருக்கறது அவ பாதி." எர்லீன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சமையல்கட்டுல ஒட்டு. அடுப்புக்கு மேல. டேப் இருக்கா வீட்டுல?"