மீனம்மாவிடம் கேட்காமல் விட்ட கேள்வி

றோலண்ட் மாஸ்டரை ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் அவர் தங்கள் வாசலுக்கு வந்து நிற்பதை விரும்பியவர்களும் இல்லை. அதில் அவர்மேல் பிழை ஒன்றுமில்லை. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கொழுந்தெடுத்த தாயின் சம்பளத்தில் படித்து, முப்பது வருஷம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மனிதர். ஓய்வு பெற்ற கையோடு அரசாங்கம் அவரைத் திடீர் மரண விசாரணை அதிகாரி ஆக்கிவிட்டது. மரம் விழுந்தோ, மின்னல் அடித்தோ, காரணம் தெரியாமலோ யாராவது செத்துப்போனால் பொலிஸ்காரருக்குப் பின்னால் இவரும் போக வேண்டும். உடலைப் பார்த்து, வீட்டாரை விசாரித்து, இன்னதால் சாவு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடக்கம். பிள்ளைகள் அவருக்குச் 'சாவு மாஸ்டர்' என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

இந்த வேலைக்குக் கல்மனசு வேண்டும். மாஸ்டருக்கு வாய்த்ததோ பஞ்சு மனசு. சந்தேகம் இருந்தால் உடலைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அறுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் அறுப்பது என்றாலே லயத்துச் சனம் காலில் விழுந்து கும்பிடும். வான் பிடிக்க வேண்டும், இரண்டு நாள் காத்துக் கிடக்க வேண்டும், வெட்டிய குழி மழையில் நிறைந்துவிடும். மாஸ்டரால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே அடிதடி, தூக்கு, நஞ்சு என்று கண்ணுக்குப் படாத இடத்திலெல்லாம் மாஸ்டர் 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டு உடலைக் கொடுத்துவிடுவார். அவர் எழுதியதை நம்பினால் அந்த மலைகளில் பாதிப்பேர் நெஞ்சு வலித்தே போய்ச் சேர்ந்தவர்கள். சனங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். தான் நல்லது செய்வதாகவே மாஸ்டரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷக் கடைசியில் கணேசமூர்த்தியின் சலூனில் ஒரு பெரிய வாதம் நடந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால் பாரிஸ் சுரங்கப்பாதையில் கார் மோதி இறந்த இங்கிலாந்து இளவரசியின் சாவைப் பற்றி லண்டனில் நீதிபதியை வைத்து விசாரிக்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்திருந்தது. விபத்தா, திட்டம் போட்டுக் கொன்றார்களா என்பதுதான் கேள்வி. செலவு பவுணில் போட்டிருந்தது. அதை ரூபாயாக்கப் போன கணேசமூர்த்தி பாதியில் கைவிட்டுவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டார். கொன்றுதான் இருப்பார்கள் என்று நாற்காலியில் இருந்தவர் அடித்துச் சொன்னார். முகச்சவரத்துக்கு வந்த மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. வேலையற்ற வேலை என்றார். செத்தவளைக் கிளறி யாருக்கு என்ன கிடைக்கப்போகிறது, என்ன தீர்ப்புச் சொன்னாலும் கதை கட்டுகிறவன் கட்டிக்கொண்டுதான் இருப்பான், அந்தப் பணத்தில் நூறு ஆஸ்பத்திரி கட்டலாம் என்றார். விசாரணை அதிகாரியே சொன்ன பிறகு சலூனில் மறுபேச்சு இருக்கவில்லை.

வீட்டில்தான் மறுபேச்சு இருந்தது. அவர் மனைவி டோரீனுக்கு அந்த இளவரசி என்றால் உயிர். அம்மாவுக்கு என்ன நடந்தது என்று அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். மாஸ்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். நல்லதண்ணிக்குப் போகிற பாதையில் உள்ள ஒரு தோட்டத்து மேற்பிரிவில் கொழுந்தெடுக்கிறவள், பெயர் மீனம்மா. புருஷன் வீரய்யாவின் சாவை மாஸ்டர்தான் விசாரித்தாராம். மாஸ்டருக்கு நினைவு வரவில்லை. இளவரசியை அடக்கம் செய்த அதே சனிக்கிழமை என்று அவள் சொன்னாள். அப்போது நினைவு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அவளையும் உட்காரச் சொல்லிவிட்டு அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் இளவரசியின் இறுதி ஊர்வலத்தைத் தொலைக்காட்சியில் காட்டுவதாக இருந்தது. பக்கத்து வீட்டில் அவருக்கும் சேர்த்து டோரீன் இடம்பிடித்து வைத்திருந்தார். காலையில் பொலிஸ் அழைத்து மேற்பிரிவுக்குப் போனார். முதல் நாள் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்விட்டான் என்றார்கள். உடலில் காயமில்லை. சண்டை சச்சரவு உண்டா என்று பெண்சாதியிடம் கேட்டார், இல்லை என்று தலையாட்டினாள். மணிக்கூட்டைப் பார்த்தார். மாரடைப்பு என்று எழுதினார். பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

அவர் பஸ் ஏறிய பிறகு லயத்தில் நடந்ததை இப்போதுதான் மீனம்மா சொன்னாள். நெஞ்சு அடைக்கிறது, வாயுவாக இருக்கும் என்று புருஷன் சொன்னதும் அவள் ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பிரா அறையில் இருந்த ராக்காயி அதைப் பார்த்திருந்தாள். குடித்து ஒரு மணி நேரத்தில் ஆள் போய்விட்டதால் என்னத்தைக் கலக்கிக் கொடுத்தாளோ என்று ராக்காயி ஒரு வார்த்தையை விட்டாள். அந்த வார்த்தைக்குக் கையும் காலும் முளைத்தது. மீனம்மாவுக்குக் கள்ளத் தொடர்பு என்றார்கள். விசாரிக்க வந்த ஐயா கால் மணி நேரத்தில் ஓடியதைப் பார்த்தால் அவருக்கும் காசு போயிருக்கும் என்றார்கள். பத்து வருஷமாக மலையில் அவள் ஊற்றுகிற தேத்தண்ணியை யாரும் வாங்கிக் குடிப்பதில்லை.

மாஸ்டர் ஆறுதல் சொல்ல வாயெடுத்தார். ஊர் வாயை மூட முடியாது என்கிற மாதிரி ஏதோ. மீனம்மா குறுக்கிட்டாள்.

"ஊர் சொல்றது கெடக்கட்டும் மாஸ்டர். நான்தான் கொன்னேனான்னு எனக்கே தெரியல."

பிறகு தலையைக் குனிந்துகொண்டு இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அந்த ஓமத்துக்குத் தண்ணி எடுத்தது புல்லைக் கருக்குகிற நஞ்சு மருந்து வந்த கேனில். ஸ்டோரில் காலியாகக் கிடந்ததை வீரய்யாதான் தண்ணி பிடிக்க ஆகும் என்று கொண்டுவந்தான். லயத்தில் எல்லாரும் செய்கிறதுதான். மணல் போட்டு மூன்று தரம் கழுவினாள். அவன் விழுந்த பிறகுதான் கேனின் ஞாபகம் வந்தது. விடியுமுன்னே அதைத் தண்ணி ஓடுகிற கானுக்குள் வீசிவிட்டாள். லண்டன் விசாரணையைப் பற்றி இப்போது ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்டு, அன்றைக்கே வர நினைத்ததாகச் சொன்னாள்.

"அந்த அம்மாவுக்குப் பத்து வருஷம் கழிச்சும் கேக்குறாங்களாமே. எங்க வீட்டு ஆளுக்கும் கேக்க முடியுமாங்க?"

முடியாது. புதைத்ததைத் தோண்ட நீதவான் உத்தரவு வேண்டும், பத்து வருஷ மண்ணில் என்ன மிஞ்சும்? மாஸ்டருக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை கேட்டிருக்க வேண்டியதை அவர் இப்போது கேட்டார். வாய் வெந்திருந்ததா? இல்லை. வாந்தி எடுத்தானா? இல்லை.

"அந்தக் கேன் தண்ணியில வேற என்ன செஞ்ச?"

"தேத்தண்ணி போட்டேன். சோறாக்கினேன்."

"நீ குடிச்சியா? ஒம் புள்ளயும் குடிச்சிச்சா?"

"ரெண்டு பேரும் குடிச்சோம். ஒரு கெழமையா அதுலதான் தண்ணி."

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலியே மீனம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பத்து வருஷமாக அந்தக் கேனையே நினைத்துக் கிடந்தவளுக்கு இது தோன்றவே இல்லை. பயந்தவளுக்குத் தோன்றாது. கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தான் அரசாங்கம் தன்னை வைத்திருந்தது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது.

மறுநாளே தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனார். அங்கே மருந்து கொடுக்கிற ஜூட்சன் அவரிடம் படித்தவர். முன்பிருந்த டிஸ்பென்சர் காலமாகி வெகுநாளாகிவிட்டது. ஆனால் தும்மினாலும் எழுதிவைக்கிற மனிதர் அவர், கொப்பிகள் தேயிலைப் பெட்டிகளில் கிடந்தன. எலி தின்றது போக மிஞ்சியதை இரண்டு பேரும் இரண்டு நாள் புரட்டினார்கள். மாஸ்டருக்குத் தூசு ஒத்துக்கொள்ளாது. மூக்கில் லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றேழு ஓகஸ்ட் கொப்பி இரண்டாம் நாள் பின்னேரம் அகப்பட்டது.

வீரய்யாவின் பெயர் அதில் மூன்று இடத்தில் இருந்தது. மூன்று தரமும் நெஞ்சுவலி, இடக்கை உளைச்சல். முதல் தரமே பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், போகவில்லை. மூன்றாவது தரம், சாவதற்கு ஒரு கிழமைக்கு முன்னால், இன்னும் ஒரு வரி இருந்தது. கவ்வாத்து முடிந்துதான் போவேன் என்கிறார், மனைவிக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதை மாஸ்டர் ஒரு தாளில் எழுதி, ஜூட்சனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நியாயமாக அது ஒரு தீர்ப்பல்ல. அறுத்துப் பார்த்திருந்தால் சந்தேகத்துக்கே இடமிருந்திருக்காது. அன்று அறுக்கச் சொல்லியிருந்தால் பத்து வருஷப் பழி ஒரு வான் கூலியோடு போயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை டோரீனையும் கூட்டிக்கொண்டு மேற்பிரிவுக்குப் போனார். மீனம்மாவின் காம்பிராவில் உட்கார்ந்து முதலில் தன் குற்றத்தைச் சொன்னார்.

"அன்னைக்கு நான் டீவி பாக்கப் போயிட்டேன் மீனம்மா. ஒன்னைய ஒழுங்கா விசாரிக்கல."

பக்கத்தில் டோரீன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவசரமாக எழுதிவிட்டு வந்த கதை அவருக்கும் இப்போதுதான் தெரிந்தது. மாஸ்டர் தாளை வாசித்தார். பிறகு, நாளைக்குக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு வந்து ஆட்கள் எல்லார் முன்னாலும் இதை வாசிக்கிறேன், பிழை என்னுடையது என்றும் சொல்கிறேன் என்றார். மீனம்மா வேண்டாம் என்றாள். நம்புகிறவர்கள் ஏற்கனவே நம்புகிறார்கள், மற்றவர்கள் அந்தக் கொப்பியும் பொய் என்பார்கள், தனக்குத் தெரிந்தால் போதும் என்றாள். கணேசமூர்த்தி சலூனில் தான் சொன்னதைத்தான் இவளும் சொல்கிறாள் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. ஆனால் தெரிந்தால் போதும் என்கிற அந்தக் கடைசி வார்த்தையைத் தான் அங்கே சொல்லவில்லை என்பதும் தோன்றியது.

அவள் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாசிக்கத் தெரியாது. வீரய்யாவின் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள். மாஸ்டர் விரலை வைத்துக் காட்டினார். அந்த இடத்தை அவள் தடவினாள்.

"மூணு தரமா போனாரு?"

"மூணு தரம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. சொல்லியிருந்தா தோள்ல தூக்கிட்டாவது போயிருப்பேனே."

வீரய்யாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பதைத்தான் லயம் இன்றுவரை பெரிய சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேனை நினைத்துப் பயந்துகொண்டிருந்தவளால் புருஷனை நினைத்து அழ முடிந்திருக்கவில்லை. இப்போது அவள் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லி, அடுத்த காம்பிராவுக்குக் கேட்கும்படி ஒப்பாரி வைத்து அழுதாள்.