மல்லிகை வைத்துக் கட்டிய பால்

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நான் கண் விழித்தபோது முதலில் என்னை எட்டியது மல்லிகை வாசனை. பூ வைத்துக்கொண்டு யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள் என்று நினைத்தேன். நின்றது என் நாத்தனார், என் கணவரின் தங்கை. தலையில் பூ இல்லை. எண்ணெய் காணாத கூந்தலை அள்ளிச் செருகியிருந்தாள். வாசனை அவள் ரவிக்கைக்குள்ளிருந்து வந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரத்தநாட்டில் அவளுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டது. பிள்ளை போனது பாலுக்குத் தெரியுமா? அது பாட்டுக்குச் சுரந்து, கட்டிக்கொண்டு, அவளை வலியில் துடிக்க வைத்தது. மார்பில் மல்லிகைப்பூவை வைத்து இறுகக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் மாமியார்தான் மகளுக்குக் கட்டிவிட்டிருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பச்சை உடம்புக்காரியின் அருகே போகக்கூடாது என்று உறவில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லியும், அவள் என்னைப் பார்க்க வந்துவிட்டாள்.

எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, வலிப்பு வந்து, ஏழாம் மாதத்திலேயே வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்திருந்தார்கள். என்னிடம் ஒரு சொட்டுப் பால் இல்லை. குழந்தையின் ரத்தத்தில் கிருமி என்று மருந்து மேல் மருந்து போனது. கிருமி அடங்கியது, ஆனால் வயிறு உப்பிக்கொண்டது. புட்டிப்பால் கொஞ்சம் கொடுத்ததும் பச்சையாக வாந்தி எடுத்தது. என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காட்டினார்கள். என் உள்ளங்கை நீளம்கூட இல்லாத அந்த முதுகைப் பார்த்துவிட்டு, இது பிழைக்காது என்று நான் மனத்துக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. என் கணவர் விவசாயி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவருக்குப் புரிகிறாற்போல் சொன்னார். "குழந்தையோட குடல் இப்ப உழுது போட்ட வெறும் வயல் மாதிரி இருக்குங்க. முதல்ல எது முளைக்குதோ அதுதான் நிலத்தைப் பிடிச்சுக்கும். நாங்க குடுத்த மருந்து களையையும் கொன்னுச்சு, பயிரையும் கொன்னுச்சு. வேற வழியில்ல, குடுக்காம இருந்திருந்தா உசிரு போயிருக்கும். இனிமே நல்ல கிருமி குடியேறணும். தாய்ப்பால்ல ஒரு சர்க்கரை இருக்கு, அது குழந்தைக்கே செரிக்காது. அந்த நல்ல கிருமிக்குத்தான் அது சாப்பாடு. புட்டிப்பாலை இந்த வயிறு தாங்காது. குடல் அழுகிடும்." ஆஸ்பத்திரியில் சேமித்து வைத்திருந்த தாய்ப்பால், அன்று எங்கள் பிள்ளையைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கே போதவில்லை.

நாத்தனார் இரண்டு கைகளையும் முதுகுப் பக்கம் கொண்டுபோய்த் துணி முடிச்சைத் தேடினாள். எட்டவில்லை. "அம்மா, அவுத்து விடும்மா" என்றாள். மாமியாருக்கு, "வத்திப்போன பால் இனிமே எங்கடி வரும்?" என்று கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. "வரும். வந்துதான் ஆகணும். நீ அவுரு." வாடிப் பழுப்பேறிய பூக்கள் என் கட்டிலடியில் உதிர்ந்தன.

அதன் பிறகு என் கட்டிலுக்கு அந்தப் பக்கத் திரை மறைவில் நடந்ததை நான் காதால்தான் கேட்டேன். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழியும் சத்தம். "மெதுவாப் பீய்ச்சுங்கக்கா, புண்ணாக்கிக்காதீங்க" என்று நர்ஸ் கெஞ்சும் சத்தம். புட்டியின் அடி நனைந்தால் அதுவே பெரிது என்றிருந்தது. ஒரு மதியம் அவள் தன் மார்பையே திட்டினாள். "வேண்டாம் வேண்டாம்னப்ப ஊத்துனியே, இப்ப எங்க போய்த் தொலைஞ்ச?" நான் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் துக்கமெல்லாம் அப்போது என் கண்ணில் படவே இல்லை. பால், பால் என்று ஒரே நினைப்பு. பிள்ளை சாகக் கிடக்கும்போது பெருந்தன்மை எந்த மகராசிக்கு வரும்? மாமியார் என் கணவரை முத்துப்பேட்டைக்கு விரட்டிப் பால்சுறா வாங்கிவரச் செய்து, பூண்டை அள்ளிப் போட்டுப் புட்டு கிண்டி எடுத்துவந்தார். பால் வற்றப் பூக் கட்டிய கை, பால் ஊற உருண்டை பிடித்து ஊட்டியது. அவள் மென்றாளா என்றுகூடத் தெரியவில்லை, விழுங்கினாள்.

பால் வந்தது. சோதித்து, சூடாக்கி, குழாய் வழியே சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஒருநாள் காலை நர்ஸ் ஒரு துணியை விரித்துக் காட்டினார். மஞ்சளாக, இளகலாக, பிள்ளை வெளிக்குப் போயிருந்தது. அந்த அசிங்கத்தைப் பார்க்க நாங்கள் முண்டியடித்தோம். "வயிறு வழிக்கு வந்துடுச்சு" என்று டாக்டரம்மா சிரித்தார். நாத்தனார் மட்டும் சிரிக்காமல், "இது என் பிள்ளைக்குன்னு ஊறின பால் டாக்டர். இவளுக்கு ஒத்துக்கிச்சுல்ல?" என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு எனக்கும் பால் ஊறி, பிள்ளையை என் வெற்று மார்பில் போட்டார்கள். நல்ல கிருமிகள் தாயின் தோலிலிருந்தும் ஏறுமாம். அன்று மாலையே நாத்தனார் ஊருக்குக் கிளம்பினாள். வீட்டில் அவளுக்கு இரண்டாம் முறையாக மல்லிகை வைத்துக் கட்டினார்கள்.

சிறு வயதில் வயிற்றில் வேர்பிடித்த கிருமிகளில் பல கடைசிவரை கூடவே இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் என் மகளுக்குள் இன்னும் குடியிருப்பவற்றில் சில, நாத்தனாரின் பாலுண்டு பிழைத்தவை. அவளுக்கு அதன்பின் குழந்தை இல்லை. என் மகளுக்குக் காது குத்தியபோதும் வரவில்லை, பள்ளியில் சேர்த்தபோதும் வரவில்லை. நடவு, அறுப்பு, உடம்பு சரியில்லை என்று போனிலேயே தட்டிக்கழித்தாள். பொறுக்கமாட்டாமல் நான் ஒருநாள் நேரில் போய், "என் மேல என்ன கோவம் உனக்கு?" என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்ல அண்ணி. அவ எவ்வளவு வளந்திருக்கான்னு பாத்தா, என் பிள்ளை எவ்வளவு வளந்திருப்பான்னு தெரிஞ்சிடும்" என்றாள். காப்பி போட எழுந்து போனவள் வெகுநேரம் அடுப்படியிலிருந்து வரவில்லை.

என் மகள் இப்போது என் தோளுக்கு வந்துவிட்டாள். "அத்தைக்கு என்னைப் பிடிக்காதாம்மா?" என்று கேட்கிறாள். ஒரத்தநாட்டுக்குப் போகும்போது நான் இன்னமும் அவளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறேன்.