நிற்கிறதுக்கு முன்னாடி எப்படி ஓடுச்சு?

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் இந்த ஊரில் ஓடுகிற தண்ணீர் மோட்டார்களில் பாதிக்கு உயிர் கொடுத்தது என் பட்டறைதான். பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்களே எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்ல ஆரம்பித்தால் இன்னும் நீளும்.

எழுத உட்கார்ந்தது என் தம்பியைப் பற்றி. என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். தொழில் சொல்லிக்கொடுத்தவன் நான். இருந்தாலும் எரிந்த மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றுவதில் அவன் கை என் கையைவிடச் சுத்தம். இதை அவனிடம் நான் சொன்னதில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

பட்டறையில் அவனுக்கு ‘டாப் கியர்’ என்று பேர். சில மாதங்களில் அப்படி வேலை செய்வான். வேறு சில மாதங்களில் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். முகம் மழிக்க மாட்டான், நாலு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பதில். பாதி சுற்றிய மோட்டார் மேஜையில் கிடக்கும். டாக்டரிடம் கூட்டிப்போவோம். மனச்சோர்வு என்பார், மாத்திரை தருவார். சில வாரத்தில் எழுந்துவிடுவான். எழுவது என்ன, எகிறுவான். மருந்து வேலை செய்துவிட்டது என்று நாங்களும் டாக்டர் பக்கம் போவதை விட்டுவிடுவோம். எட்டு வருஷம், மூன்று டாக்டர், இதே கதை. போன வருஷம் விழுந்தவன் எழவே இல்லை. சோற்றுத் தட்டைப் பார்த்து அழுதான். மாத்திரையின் அளவை இரண்டு மடங்காக்கிவிடலாம் என்றார் டாக்டர். அதற்கு முன்னால், பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தை வைத்து ஏதோ ஆராய்ச்சி நடக்கிறது, விருப்பமிருந்தால் போய்ப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக்கொடுத்தார்.

தம்பி, அவன் மனைவி, நான், மூன்று பேரும் போனோம். சின்ன அறை. மூலையில் பீரோ உயரத்துக்கு ஒரு உறைபெட்டி. அதன் கம்ப்ரஸர் சத்தம் சரியில்லை என்று உள்ளே நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மேஜைமேல் ஊதா மூடி போட்ட குப்பிகள். ஒவ்வொன்றிலும் பேருக்குப் பதில் எண். ஆராய்ச்சி டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

“தலையில இருக்கும்மா” என்றேன். “ரத்தத்துல என்ன தேடுறீங்க? அதையாவது கண்டுபிடிச்சீங்களா?”

சிரித்துவிட்டார். “ஒரு அடையாளம் தேடுறோம்யா. சர்க்கரைன்னா ரத்தம் பார்த்தா தெரிஞ்சுடுது. வெறும் மனச்சோர்வா, இல்ல ஏறி ஏறி இறங்குற இருமுனை நோயான்னு ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் வழி இல்ல. இறங்கியிருக்கும்போது பார்த்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். மருந்துதான் வேற வேற.”

“அப்ப இத்தனை வருஷமா மீட்டரே இல்லாமத்தான் ரிப்பேர் நடந்திருக்கா?”

“ஆமா. இப்போதைக்கு வாயால கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.”

தம்பியைக் கேட்டார். எப்போதாவது தூக்கமே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்ததுண்டா? அவன் தரையைப் பார்த்தபடி தலையாட்டினான், இல்லை என்று. அந்த நிலையில் அவனுக்குச் சிரித்த நாள் ஒன்றுகூட ஞாபகம் வராது. அவன் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் உறைபெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா ‘மனச்சோர்வு’ என்ற பட்டியலில் அவன் எண்ணை எழுதி, ரத்தம் எடுத்துக்கொண்டார்.

அப்புறம் என் கை. ஒப்பிட்டுப் பார்க்க, வியாதி இல்லாதவர் ரத்தமும் வேண்டுமாம். நீட்டினேன். ‘சாதாரணம்’ என்று எழுதினார் பாருங்கள், எனக்குச் சுருக்கென்றது.

“யாரும்மா சாதாரணம்? எங்க குடும்பத்து ரத்தம் தெரியுமா உங்களுக்கு? இதோ தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கானே, இவன் மூணு நாள்ல பதினாலு மோட்டார் சுத்தினவன். ரெண்டு மணி நேரம் தூங்குவான், எழுந்தா களைப்பே இருக்காது.”

பேனாவைக் கீழே வைத்தார். “இன்னும் சொல்லுங்கய்யா.”

சொல்லச் சொன்னால் நான் விடுவேனா? பட்டறைக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தவன் கேட்காமலே பக்கத்து வீட்டு கேட் வரைக்கும் அடித்துவிட்டு வந்தது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத வீட்டுக்கு நாலு தையல் மிஷின் வாங்கிவந்து, தொழிற்சாலை வைக்கப்போகிறேன் என்றது. அவன் போனில் பேசுகிற வேகம் புரியாமல் வாடிக்கைக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டது. முச்சந்தியில் போலீஸ்காரருக்கு வண்டிகளை ஒழுங்குபடுத்தச் சொல்லிக்கொடுத்தது. எல்லாம் சொன்னேன். சிரித்துச் சிரித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அறையில் நான் ஒருவன்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“இதெல்லாம் எப்போ?”

“மாத்திரை சாப்பிட்டு எழுந்ததும். அதுக்கு முன்னாடியும் உண்டு.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“நல்லா இருக்கிறதை எதுக்கும்மா டாக்டர்கிட்ட சொல்லணும்?”

“படுக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருந்தார்னு யாருமே கேக்கலையா?”

அது என் கேள்வி. யாராவது மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால் ஒரு திருகைக்கூடக் கழற்றுவதற்கு முன் நான் கேட்பது ஒன்றே ஒன்று. “நிற்கிறதுக்கு முன்னாடி எப்படி ஓடுச்சு?” சூடேறி, இரைந்து ஓடிய மோட்டாருக்கு அதைக் கேட்காமல் புதுக்கம்பி சுற்றிக் கொடுத்தால் ஒரே மாதத்தில் திரும்ப எரியும். பதில் சொல்லத் தெரியாதவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தாறு வருஷமாக ஊரையே கேட்கிற கேள்வி.

அப்போது தம்பி மனைவி பேச ஆரம்பித்தாள். தேதியோடு பேசினாள். அவன் தூங்காத நாளிலெல்லாம் சமையலறைக் காலண்டரில் புள்ளி வைத்திருக்கிறாள், ஆறு வருஷமாக.

“ஏம்மா, என்கிட்ட முன்னாடியே சொல்லக்கூடாதா?”

“சொன்னேன் மாமா. உழைக்கிறவனைக் குத்தம் சொல்லாதேன்னீங்க.”

சொல்லியிருப்பேன். என் குரலில் அது எப்படி இருக்கும் என்றுகூட எனக்குக் கேட்டது.

டாக்டரம்மா அவனை அன்றைக்கே மேல்மாடியில் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். காலண்டர்களை எடுத்துவரச் சொல்லிப் புரட்டிப் பார்த்தார்கள். இரண்டு மடங்கு மாத்திரை நின்றது. இருமுனை நோய் என்று பேர் மாறியது, மருந்தும் மாறியது. இந்த மருந்து உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அதற்காவது மீட்டர் இருக்கிறதே. அவன் சுவரை விட்டுத் திரும்பிப் படுக்க ஒரு மாதம், பட்டறைக்கு வர நாலு மாதம் ஆனது.

அவர்கள் தேடுகிற அடையாளம் இன்னும் கிடைக்கவில்லை. என் ரத்தமும் அந்தப் பெட்டியில் ‘சாதாரணம்’ என்றே உறைந்து கிடக்கிறது. மாற்றி எழுதச் சொன்னேன், முடியாது என்றுவிட்டார் டாக்டரம்மா. பெட்டியின் கம்ப்ரஸரை மட்டும் நானே போய்ச் சரிசெய்து கொடுத்தேன்.

டாப் கியர் இப்போது ஒரு நாளைக்கு மூன்று மோட்டார் சுற்றுகிறான். போன செவ்வாய்க்கிழமை நாலாவதை எடுத்தான், பாட்டு வேறு. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“நேத்து எத்தனை மணி நேரம்டா தூங்கினே?”

“ஏழரை.”

“யாரு சொன்னது?”

கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை அவன். “காலண்டரைப் போய்ப் பாரு அண்ணே.”

பட்டறைக்குப் பின்பக்கம் இருக்கிற அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நேற்றும் இல்லை, முந்தாநாளும் இல்லை, அந்த மாதம் முழுக்கவே புள்ளி இல்லை. திரும்பி வந்தேன்.

“சரி, சுத்து” என்றேன். “பாட்டை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ, சகிக்கல.”