பெரிய இருதயம்

முதலியார்பேட்டையில் மாடி வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த நான், சுண்ணாம்பு குழைத்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்தவன். அப்படிப்பட்டவன் ஒரு நாள் மாடி உயரச் சாரத்தில் நிற்கும்போது, பிடிபட்ட கோழி சிறகடிப்பதுபோல் நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டது. கண் இருட்டியது. ஆட்கள் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் பிரெஞ்சுக்கார டாக்டர். பிரெஞ்சு ஆட்சி முடிந்து ஊர் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் போகாமல் இருந்தவர். கையிலும் மார்பிலும் ஒயர் கட்டி, இருதயம் அடிப்பதைக் காகிதத்தில் கோடாக எடுத்தார். எங்கள் தெருவில் அதை முதலில் எடுத்துக்கொண்டவன் நான்தான். நெஞ்சையும் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "க்ரோ கேர்" என்றார்.

நர்சம்மா தமிழில் சொன்னார்: "ஒங்களுக்குப் பெரிய இருதயமாம், மேஸ்திரி."

"அது ஊருக்கே தெரியுமே தாயி! இதச் சொல்றதுக்கா இவ்ளோ ஒயரு?"

நர்சம்மா சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "என் மனசு பெருசுன்னு வெள்ளக்கார முசியே, டாக்டரே சொல்லிட்டாரு" என்றேன். "பொடவ கேட்டா மட்டும் சின்னதா பூடுது" என்றாள் என் மனைவி கனகம்.

அடுத்த முறை போனபோது, குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்று டாக்டர் கேட்டார். அப்பா ஏற்றம் இறைக்கும்போது விழுந்தவர், எழவில்லை. அண்ணன் தேர் இழுக்கும்போது போனான்.

"எங்க வம்சத்துல படுக்கையில கெடந்து யாரும் சாவல. எல்லாம் ராஜ சாவு" என்றேன்.

இந்த முறை நர்சம்மா சிரிக்கவில்லை. பெரிய இருதயம் என்றால் இருதயத்தின் தசை தடித்துப்போவது என்று விளக்கினார். அதனால் துடிப்புப் பிறழ்வு (தாளம் தப்பி அடிப்பது) வருமாம். ஓடும்போதோ பாரம் இழுக்கும்போதோ சட்டென்று நின்றும்விடுமாம். அப்பனிடமிருந்து பிள்ளைக்கும் வரலாமாம். "ஒங்களுக்குப் புள்ள இருக்கா?"

சேகர் எனக்கு ஒரே பிள்ளை. கால்பந்தில் அவனை முந்த ஆள் கிடையாது. அவனுக்கும் கோடு எடுத்தார்கள். அதே நோய். பந்தைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். எனக்கு மாத்திரை (துடிப்பைச் சீராக்குவது) கொடுத்து, சாரத்தில் ஏறக் கூடாது என்றார்.

ஆனாலும் ஒரு நாள் சேகர் பந்தும் கையுமாக வந்தபோது நான் கத்தினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீ மட்டும் மாத்திரயப் போட்டுக்கினு சாரத்துல ஏறுற. நீ வுடு, நானும் வுடறேன்."

அன்றைக்கே ஏறுவதை விட்டேன். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கினேன்.

"மேஸ்திரிக்குப் பயம் வந்துடுச்சிடா" என்று மேலிருந்து ஒருவன் சிரித்தான்.

"ஆமாண்டா, வந்துடுச்சி. ஒன் வேலயப் பாரு!"

சேகரும் சொன்ன சொல் தவறவில்லை. நான் கட்டிய வீடுகளுக்காக ஊர் என்னைப் புகழட்டும். நான் பெருமைப்படுவது இதற்குத்தான்.

உங்கள் வீட்டிலும் நன்றாக இருந்த ஒருவர் ஓடும்போதோ உழைக்கும்போதோ விழுந்து இறந்திருந்தால், விதி என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளை டாக்டரிடம் காட்டுங்கள்.

மாலையில் நானும் சேகரும் கடற்கரையில் நடக்கிறோம். என்னைத் தாண்டி யாரையும் நடக்க விட்டதில்லை நான். இப்போது எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நெஞ்சில் ஒரு துடிப்பு தப்பினால் நிற்கிறேன். அவனும் நிற்கிறான். சில நாள் அவன் முதலில் நிற்கிறான். ஏன் என்று கேட்டுக்கொள்வதில்லை. அடுத்த துடிப்பு வருகிறது. நடக்கிறோம்.