பொட்டு வைத்த மூடி

ஸ்பேனரால் அடிக்க வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. கையில் அதுதான் இருந்தது. கொழும்பிலிருந்து வந்த மெஷின் கம்பனி இன்ஜினியருக்கு முன்பல் இரண்டு உடைந்து, ரத்தம் வெள்ளைச் சட்டையில் வடிந்தது. எனக்குத் துளியும் பரிதாபம் வரவில்லை. இன்னொன்றும் போட்டிருப்பேன், அதற்குள் எங்கள் மேலதிகாரியான டீமேக்கர் பின்னாலிருந்து என் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

தொண்ணூறுகளில் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், நான் ஃபிட்டர். வாடிய கொழுந்தை அரைக்கும் மெஷின் ஒன்று அங்கே உண்டு. மேலே அகன்ற வாய், உள்ளே சுற்றும் இரும்புத் திருகு. கொழுந்து அடைத்துக்கொண்டால் கையால் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளியபோதுதான் என் மனைவியின் தம்பியை அது பிடித்தது. நான் ஓடிப்போய் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் முழங்கை வரை போய்விட்டது. திருகைப் பின்பக்கமாகச் சுற்றி, கிடைத்ததை எடுத்தேன். அவன் கத்தவில்லை, நான்தான் கத்தினேன். மறுநாள் அதே மெஷினைக் கழுவி ஓட்டச் சொன்னார்கள்.

அந்த வெறியில் செய்ததுதான் மூடி. பழைய தகர பீப்பாயை வெட்டி, டிரக்டர் சீட்டு ஸ்பிரிங்கைப் பூட்டி, மூடியைத் தூக்கினாலே பெல்ட் நழுவித் திருகு நின்றுவிடும்படி செய்தேன். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் பூசும்போது மூடிக்கும் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்தோம். ஸ்டூடியோக்காரர் வழக்கம்போல எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார். படத்தில் மச்சான் வெறும் சட்டைக் கையோடு மூடிக்குப் பக்கத்தில் நிற்கிறான். பெரகலைப் பக்கத்து ஸ்டோர்களின் ஃபிட்டர்மார் வந்து அளவெடுத்துக்கொண்டு போய்த் தங்கள் மெஷின்களுக்கும் செய்து மாட்டினார்கள். அந்த இன்ஜினியரும் வந்து அளவெடுத்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தவனே நான்தான். மடையன்.

இரண்டு வருஷம் கழித்து ஸ்டோர்களுக்குக் கடிதம் வந்தது. மூடிக்கு ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், கம்பனியுடையதாம்; வேறு எவரும் செய்யவோ மாட்டவோ கூடாதாம்; வேண்டுமென்றால் கம்பனியிடமே வாங்கிக்கொள்ளலாமாம். கம்பனி சொன்ன விலைக்கு எந்தத் தோட்டத் துரை வாங்குவார்? கழற்றச் சொல்லிவிட்டார்கள். கழற்றியாயிற்றா என்று பார்க்க வந்த இடத்தில்தான் இன்ஜினியர் தன் பல்லை இழந்தார்.

பொலிஸில் எனக்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்தது. பிணை எடுத்தவர் பதுளையில் இருந்த யாழ்ப்பாணத்து லோயர் ஐயா. அவர் என் அடிதடி வழக்கை ஒதுக்கிவைத்துவிட்டு மூடியைப் பற்றியே துருவித் துருவிக் கேட்டார்.

"அவங்கள் பேட்டன்ட் கேட்டு எழுத முந்தியே அது எல்லாருக்கும் தெரிஞ்ச சாமான் எண்டு காட்டினால் போதும், பேட்டன்ட் நிக்காது. பிறகு ஆரும் செய்யலாம். படம் கிடம் ஏதும் இருக்கோ?"

அப்படியென்றால் பேட்டன்ட் எனக்கு வருமா என்று கேட்டேன்.

"உங்களுக்கும் வராது. ஊருக்கே காட்டி ரெண்டு வருசமாச்சு."

"படம் இல்லீங்க," என்றேன்.

தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில், என் வீட்டுச் சுவரில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. என் மச்சானின் கையைக் கொடுத்து வந்த சாமான், ஊருக்குச் சும்மா போவதா? இன்ஜினியர் திருடினான் என்று வழக்காடி, அந்தப் பத்திரத்தை என் பேருக்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசை. கேவலமான ஆசைதான், இப்போது சொல்கிறேன்.

நான் அப்படிப் பொய் சொன்ன ஐந்தாவது வாரம் பெரகலைக்குக் கீழே இருந்த ஸ்டோர் ஒன்றில், மூடி கழற்றிய மெஷினில், கொழுந்து தள்ளிய பெண்ணின் வலது கை போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து படத்தைச் சுவரிலிருந்து பிடுங்கியதில் கண்ணாடி உடைந்து என் உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தம் கசியக் கசிய அதை லோயர் ஐயாவின் மேசையில் வைத்தேன். அவர் படத்தைத் திருப்பி, ஸ்டூடியோ முத்திரையில் இருந்த தேதியை வாசித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

படத்தின் பிரதி போனதும் கம்பனி மூச்சுவிடவில்லை. வழக்குக்கே வராமல் பேட்டன்ட்டைக் கைவிட்டது. மூடிகள் திரும்ப ஏறின. தெரியாத ஊர்களில்கூட ஃபிட்டர்மார் செய்துகொண்டார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அந்தப் பெண்ணையும் எங்கள் ஸ்டோருக்கு அழைத்திருந்தோம். படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டு மெஷினுக்கு மேலே மாட்டியிருந்தார்கள். அதனால்தான் மூடிகள் திரும்ப வந்தன என்று யாரோ சொல்ல, அவள் படத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என் கை போறப்ப இந்தப் படம் எங்கண்ணே இருந்துச்சு?"

"என் வீட்டுலதாம்மா."

"கேட்டாங்களா?"

"லோயர் ஐயா கேட்டாங்க. இல்லைன்னுட்டேன்."

அவள் இடது கையால் அறைந்தாள். பழகாத கை, அடி கன்னத்தில் விழாமல் காதில் விழுந்தது. மச்சான் பக்கத்திலேயே நின்றான், தடுக்கவில்லை.