மூணு ஆணியில் மூணு ஜோடி கிளவுஸ்

கைக்கு உறை போட்டுக்கோன்னு யாராவது முன்னே சொல்லியிருந்தால் சிரிச்சிருப்பேன். ஏரியில் இடுப்பளவு தண்ணியில் குனிஞ்சு, பறியோட கயித்தைப் பல்லில் கடிச்சிக்கினு, சேத்தைத் தடவித் தடவி இறால் பிடிச்ச கை இது. பறின்னா இறால் போடுற ஓலைக்கூடை. கலங்கின தண்ணியில் கண்ணுக்கு வேலை இல்லை, விரல்தான் கண்ணு. இது இறால், இது கல்லு, இது முள்ளை நீட்டிக்கினு படுத்திருக்கிற கெளுத்தின்னு தொட்டதும் தெரியும். எங்க ஊர்ப் பொம்பளைங்களில் என் பறிதான் முதலில் நிரம்பும். பெருமைக்குத்தான் சொல்றேன், பொய்யில்லை.

இப்போ முட்டி விடலை, ஏரியில் இறங்கறதில்லை. வீட்டுக்குப் பின்னாடி தோட்டம் வெச்சிருக்கேன். எங்க மண்ணு உப்பு மண்ணு, அதில் கோரைதான் வரும். திருப்பாலைவனத்துப் பக்கத்திலிருந்து வயல் மண்ணை மூட்டை மூட்டையா ஆட்டோவில் கொண்டாந்து, சுத்தியும் கல்லு அடுக்கி, மேடு கட்டினேன். கத்திரி, வெண்டை, கனகாம்பரம், ஓரமா ஒரு எலுமிச்சை. காலையில் எழுந்து அந்தப் பச்சையைப் பார்த்தால்தான் எனக்கு டீ உள்ளே இறங்கும்.

அந்த எலுமிச்சை முள்ளுதான் எல்லாத்தையும் ஆரம்பிச்சுது. ஒருநாள் மீன் கழுவிக்கினு இருக்கும்போது மருமகள் என் கையைப் பிடிச்சுத் திருப்பினாள்.

"அத்தே, இன்னா விரலு இது? பிஞ்சுக் கத்திரிக்கா மாதிரி உப்பிக்கினு கீது."

பார்த்தால், ஆள்காட்டி விரலில் முள்ளு ஒடிஞ்சு உள்ளே நிக்குது, சுத்தியும் சீழ். எலுமிச்சைக் கொம்பை வெட்டிக் கவாத்து பண்ணி நாலு நாள் ஆச்சு. நாலு நாளும் எனக்கு வலிக்கவே இல்லை.

கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் நர்சம்மா முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டாங்க. சர்க்கரை பார்த்தாங்க. அப்புறம், "கண்ணை மூடிக்கோம்மா, பேனாவால விரலைத் தொடுவேன், தொட்டதும் சொல்லு"ன்னாங்க. மூடிக்கினேன். ரொம்ப நேரம் ஆச்சு.

"இன்னும் தொடலியாம்மா?"ன்னு கேட்டேன்.

கண்ணைத் திறந்து பார்த்தால், மருமகள் முகத்தைத் திருப்பிக்கினாள். நர்சம்மா அஞ்சு விரலையும் எப்பவோ தொட்டு முடிச்சிருந்தாங்க.

"சர்க்கரையில உணர்ச்சி போயிடுச்சும்மா. இனிமே காயம் பட்டா உனக்குத் தெரியாது. முத்திப்போனா விரலை எடுக்கறாப்பல ஆயிடும். ஒரு மாசம் கழிச்சு வா. அதுக்குள்ளே ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் தோட்டத்தை விட்டுடணும். மண்ணைத் தொடறதா இருந்தா கிளவுஸ் போட்டுக்கோ."

வீட்டுக்கு வந்ததும் மகன் யோசிக்கவே இல்லை. "ம்மா, அந்த மேட்டை வாரிட்டு சிமெண்டு போட்டுடலாம். வலையைப் போட்டுத் தைக்க நல்லா இருக்கும்"னான். மறுநாளே ரெண்டு மூட்டை சிமெண்டு பின்வாசலில் பலகை மேலே வந்து உட்கார்ந்துது. மருமகள்தான், "ஆஸ்பத்திரியில இன்னா சொல்றாங்கன்னு பார்த்துட்டுப் போடலாம்"னு நிறுத்தினாள். ஒரு மாசம் நான் அந்த மூட்டையைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போகணும், வரணும்.

விரல் ஆறிக் கட்டைப் பிரிச்சதும் தோட்டத்தில் இறங்கினேன், கிளவுஸ்னா கிளவுஸ்தானேன்னு நெனச்சேன். மகன் வலைக்கயிறு இழுக்கப் போட்டுக்கிறது கொடியில் காஞ்சுக்கினு இருந்துது, உள்ளங்கையில் ரப்பர் பூசின பின்னல் கிளவுஸ். எடுத்தால் கருவாடு மாதிரி விறைச்சுப் போயிருக்குது, விரல் உள்ளே நுழையலை. மீன்பிடி போட்டில் அவன் இன்னா பண்ணுவான்? ஏரித்தண்ணியில் ஒரு முக்கு முக்கிப் போட்டுக்குவான், மெத்துனு ஆயிடும். நானும் அதே மாதிரி வாளித் தண்ணியில் முக்கிப் போட்டுக்கினு, கத்திரி நாத்து நட்டேன். கிளவுஸ் காயக் காயத் திரும்பத் திரும்ப முக்கினேன். நட்டு முடிச்சு அதே வாளித் தண்ணியை நாத்துக்கு ஊத்தினேன். மறுநாளும் அப்படியே, அதுக்கு மறுநாளும்.

நாலாம் நாள் நாத்தெல்லாம் தலை தொங்கிப்போச்சு. இலையோரம் நெருப்புப் பட்ட மாதிரி கருகியிருந்துது.

"கை ராசி போயிடுச்சும்மா, விடு"ன்னான் மகன். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லலை. ஆனால் அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை. விரலில் உணர்ச்சி போச்சுன்னா அது வியாதி, யாருக்கும் வரும். என் கையில் நட்டது பட்டுப்போச்சுன்னா அது வேற.

பட்ட நாத்தைப் பிடுங்கும்போது மூக்கோரம் வேர்த்துது, புறங்கையால் துடைச்சேன். கிளவுஸ் உதட்டில் பட்டுது. உப்பு. வேர்வை உப்பு இல்லை, கடல் தண்ணி கலக்கிற எங்க ஏரியோட உப்பு, எனக்குத் தெரியாதா. கழட்டி வெயிலில் பார்த்தேன். பின்னலுக்குள்ளே வெள்ளை வெள்ளையாப் பூத்துக் கிடக்குது. எத்தனை வருச ஏரியோ அதில் ஊறியிருக்குது. உப்பு வேணாம்னு வண்டி வெச்சு வெளியூர் மண்ணைக் கொண்டாந்தவள், நானே உப்பைக் கரைச்சு வேருக்கு ஊத்தியிருக்கேன்.

மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்து சிரிச்சாள், எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அவள் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்றவள்.

"ஷெட்டுல ஐஸ் அள்ள ஒரு கிளவுஸ், உரிக்க ஒரு கிளவுஸ். மாத்திப் போட்டுக்கினா சூப்பர்வைசர் கத்துவான். நீ வலை இழுக்கறதைப் போட்டுக்கினு நாத்து நட்டிருக்கியே, அத்தே."

மேல் மண்ணை ஒரு சாண் வாரிக் கொட்டினேன். மூணு நாள் குழாய்த் தண்ணியைக் குடம் குடமா ஊத்தி மீதி உப்பை இறக்கினேன். அப்புறம் பழவேற்காட்டுக் கடைக்குப் போனேன். முந்தானையில் எலுமிச்சைக் கொம்பு ஒண்ணு முடிஞ்சு எடுத்துக்கினு போனேன், நல்ல முள்ளு உள்ளது. ரெண்டாங்கிளாஸ் படிப்பு, கவர் மேலே எழுதியிருக்கிறதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ளே கடையைச் சாத்திடுவாங்க. விரலும் சொல்லாது. அதனால ஒவ்வொரு கிளவுஸையும் முழங்கை உள்பக்கம் வெச்சு, மேலே முள்ளை அழுத்தினேன். அந்த இடத்தில் எனக்கு நல்லா உணர்ச்சி இருக்குது.

கடைக்காரர் பார்த்துக்கினே இருந்தார். "இன்னா ஆயா, கிளவுஸ் வாங்கறியா, ஊசி போட்டுக்கிறியா?"

"பொண்ணு குடுக்கிற எடத்தை விசாரிக்காமக் குடுப்பியா நைனா? நீ அடுத்ததை எடு."

துணி கிளவுஸில் முள்ளு நேரா உள்ளே வந்துது. ரப்பரும் அப்படித்தான். வெல்டிங் பண்றவங்க போட்டுக்கிற தோல் கிளவுஸ், முழங்கை வரைக்கும் நீளம், அதில்தான் முள்ளு வளைஞ்சு ஒடிஞ்சுது. அதை எலுமிச்சைக்குன்னு எடுத்துக்கினேன். ஆனால் அதைப் போட்டுக்கினு கடலையைக் கூட எடுக்க முடியலை. நாத்துக்கு மெல்லிசா வேணும். மருமகள் போடுற மாதிரி ரப்பர் ஒண்ணு, கையோட ஒட்டினது. விரலுக்குத் தெரியலைன்னாலும் எம்மாம் இறுக்கமா பிடிக்கிறேன்னு கண்ணுக்குத் தெரியும், தண்டு நசுங்காது. எருவும் மீன் குடலும் கிளறிப் புதைக்கத் தடி ரப்பர் ஒண்ணு.

பின்வாசல் சுவத்தில் மூணு ஆணி அடிச்சேன். எருவோடது கதவை விட்டுத் தள்ளி, நாத்தோடது நடுவில், எலுமிச்சையோடது கதவோரம். வேலை முடிஞ்சதும் கழட்டி, உள்பக்கம் வெளியே திருப்பி, முள்ளு மணல் இருக்குதான்னு பார்த்து, ரப்பரை நல்ல தண்ணியில் அலசி, தோலை உதறி மாட்டுவேன். அப்புறம் மருமகள் முன்னாடி ரெண்டு கையையும் நீட்டணும். ஷெட்டுக்குக் கிளம்புற அவசரத்திலும் பத்து விரலையும் பார்த்துட்டுத்தான் போவாள். முதலில் எனக்கு ரோசமா இருந்துது. போகப்போக அவள் வர்றதுக்கு முன்னாடியே நான் நீட்டிக்கினு நிப்பேன்.

தெர்மாகோல் மீன்பெட்டியில் மீதி நாத்து கொஞ்சம் இருந்துது. அதை நட்டேன். பதினஞ்சு நாளில் புது இலை விட்டுது.

மாசம் முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்சம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க, விரலிடுக்கெல்லாம் பிரிச்சுப் பார்த்தாங்க. பழைய முள்ளு போன தழும்பு மட்டும்தான்.

"தோட்டத்தை விட்டுட்டியாம்மா?"ன்னாங்க.

"விடலை. கத்திரி காய்ச்சா உனக்குக் கொண்டாறேன்"னேன்.

"முதல்ல சர்க்கரையைக் குறை"ன்னு சொல்லி, அடுத்த மாசத்துக்குச் சீட்டு எழுதினாங்க. மண்ணைத் தொடாதேன்னு சீட்டில் எங்கேயும் இல்லை. மருமகள் படிச்சுப் பார்த்துச் சொன்னாள்.

அன்னிக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி பின்வாசல் வழியா எட்டிப் பார்த்தாள். "படிக்கட்டு உடைஞ்சு போச்சு, அந்த சிமெண்டு சும்மாதான கீது?"ன்னாள். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் நடு ஆணியிலிருந்து கிளவுஸை எடுத்து மாட்டிக்கினு இருந்தேன்.

"தூக்கிக்கினு போவச் சொல்லு"ன்னேன். "ரெண்டு மூட்டையும்."