அத்தான் பிடித்த பிடி

என் அக்கா வீட்டுக்காரர் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். குழம்பில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்ல வாய் வராத மனுஷன். நான் இருந்த வெளிநாட்டுக்குச் சொற்பொழிவாற்ற வந்திருந்தார். அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த நான், என் பவிசை அக்காவிடம் போய்ச் சொல்லட்டுமே என்று அவரை ஆலைக்குக் கூட்டிப்போனேன்.

பம்பு மெக்கானிக் நெட்டையன் என் அறையில் தங்கியிருந்தவன். கூடப் பிறக்காத குறைதான். நாங்கள் போன நேரம் கழிவுக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் அழுகிய முட்டை நாற்றம்.

"இதோ வந்துடறேன் சார், டீ குடிக்கலாம்" என்றான் அத்தானிடம்.

கொஞ்ச நேரத்தில் நாற்றமே இல்லை. "அப்பாடா, காத்து மாறிடுச்சு" என்றேன். அத்தான் முகம் வெளுத்துவிட்டது.

"மாறல. விஷ வாயு ஏறிடுச்சு, நம்ம மூக்குதான் செத்துப்போச்சு. அவர மேல வரச் சொல்லு."

கூப்பிட்டேன். எட்டிப் பார்த்தால் ஏணிக்கடியில் குப்புறக் கிடக்கிறான்.

நான் ஏணியில் கால் வைத்ததுதான் தெரியும். அத்தான் என் இடுப்பை வளைத்துப் பிடித்து, காற்று வரும் பக்கமாகத் தரதரவென்று இழுத்துப்போனார். எதிரே நின்ற காவலாளி அபாயச் சங்கின் பொத்தானை அழுத்தினார்.

"விடுங்க அத்தான்."

"மாட்டேன்."

"அவன் செத்துடுவான்யா, விடுய்யா."

மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. முழங்கையால் இடித்ததில் அவர் உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. பிடி மட்டும் தளரவில்லை.

"நீ இறங்கினா நீயும் அவர் பக்கத்துலதான் கிடப்பே. முகமூடி போட்டவங்க வரட்டும்."

அடப்பாவி மனுஷா, இவ்வளவு பலத்தை எங்கேதான் வைத்திருந்தீர்? அந்த நிமிஷம் கையில் கத்தி இருந்திருந்தால் குத்தியிருப்பேன்.

முகமூடிக்காரர்கள் வந்து நெட்டையனைத் தூக்கினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் மட்டும் முழுசாக நிற்பது எனக்கே கேவலமாக இருந்தது. ஊரிலிருந்து அவன் மனைவி என்னைப் போனில் கூப்பிட்டாள். யாரோ அதற்குள் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணே, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க. ஏண்ணே இறங்கல?"

பக்கத்தில் நின்ற அத்தான் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அவன் இறங்கத்தாம்மா போனான். நான்தான் பிடிச்சு வெச்சுக்கிட்டேன். யாரையாவது திட்டணும்னா என்னத் திட்டும்மா."

திட்டினாள். எனக்கே கேட்டது. வீங்கிய உதட்டோடு சுவரில் சாய்ந்துகொண்டு, "ஆமாம்மா, ஆமாம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளாக வைக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.